முதல் வரியில் இருந்தவர்கள்

ஒரே ஒரு ‘இல்லை’ வந்திருந்தது. பொற்கொடியை நாற்காலியோடு கட்டிப்போட அது போதும்.

திருச்சி இதயப் பதிவகத்தின் நான்காவது மாடியில், காலை பத்து மணிக்கு, அவள் முன்னால் இருந்த திரையில் இரண்டே எண்கள். புதிய பதிவேட்டிடம் கேள்வி கேட்ட இதயங்கள் 88,412. ‘ஆமாம், நீ எங்கள் ஆள்தான்’ என்று பதில் வாங்கியவை 88,411. இன்னும் இரண்டு மணி நேரத்தில் பழைய பதிவேட்டை அணைத்துவிடுவார்கள். அதற்குள் அந்த ஒற்றை இதயம் யாருடையது என்று கண்டுபிடிக்காவிட்டால், பன்னிரண்டு மணிக்கு எங்கோ ஒருவர் பொத்தென்று விழுந்து செத்துப்போவார்.

பொறி இதயத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜனங்கள் அதை மோட்டார் என்றுதான் சொல்வார்கள். ‘மாமாவுக்கு மோட்டார் வெச்சாச்சு, இப்ப மலைக்கோட்டையே ஏறுறாரு’ என்று கல்யாண வீடுகளில் பேச்சு அடிபடும். அரசாங்கமே இலவசமாகப் பொருத்தியது. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நல்ல பொருள் இருக்கிற இடம் திருடனுக்குத் தெரியாமலா போகும்? ஆளைத் தீர்த்துவிட்டு மோட்டாரைக் கழற்றி விற்கிற கும்பல்கள் முளைத்தன. அதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு மோட்டாரும் கால்மணிக்கு ஒரு தடவை பதிவேட்டைக் கேட்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருந்தால் துடிக்கும். இல்லையென்றால் தன்னைத் திருட்டு மோட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் கம்பெனிக்காரர்கள் மோட்டார் வைத்தவர்களின் பட்டியலைக் கள்ளத்தனமாக வாங்கி, ஆட்களை வேலையிலிருந்து தூக்க ஆரம்பித்தார்கள். உடனே இன்னொரு சட்டம் வந்தது. கேட்ட மோட்டார் யாருடையது என்று எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. இரண்டுமே நல்ல எண்ணத்தில் போட்ட சட்டங்கள். இரண்டுக்கும் நடுவில் இப்போது ஒரு ஆள் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த பழைய பதிவேடுகளை ஒன்றாக்கும் வேலை அது. வடக்கு மாவட்டங்கள் போன மாதமே முடிந்துவிட்டன. இன்று தெற்கு. மாற்றுவதற்கு முன்னால் வெள்ளோட்டமாக எல்லா மோட்டார்களையும் புதிய பதிவேட்டைக் கேட்க வைத்தார்கள். பழையது அணையும்வரை புதியதன் பதில் எந்த மோட்டாரையும் நிறுத்தாது. அந்த வெள்ளோட்டத்தில்தான் இந்த ‘இல்லை’ விழுந்தது.

இயக்குநர் குழந்தைவேலு மோர் டம்ளரோடு வந்து நின்றார். ஓய்வுபெற ஆறு மாதம் பாக்கி. கெட்டவர் இல்லை. யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டார், எதிலும் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ளவும் மாட்டார்.

“சார், ஒத்திவைக்கணும்” என்றாள் பொற்கொடி.

“பன்னெண்டு மணின்னு அரசாணை இருக்கேம்மா. செயலாளர் டெல்லி ஃப்ளைட்ல இருக்காரு, இறங்கவே ஒரு மணி ஆயிரும். ஒண்ணே ஒண்ணுதான? திருட்டு மோட்டாரா இருக்கும். அதுக்குத்தான சட்டமே போட்டுருக்கு.”

“திருட்டு மோட்டார்னா பழைய பதிவேடும் ‘இல்லை’ன்னு சொல்லி எப்பவோ நிறுத்தியிருக்குமே சார். இது இத்தனை நாள் துடிச்சிட்டு இருக்கு. பழைய ஃபைல்ல இருக்கற ஒரு ஆளு புதுசுல வந்து சேரலை. நடுவுல என் புரோகிராம் எங்கயோ முழுங்கியிருக்கு.”

குழந்தைவேலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எனக்குப் புரியற மாதிரி சொல்லு. எப்படித்தான் ஏத்துறீங்க?”

“தெற்குல மொத்தம் இருநூத்துப் பதினொரு மையம். ஒவ்வொண்ணும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் அனுப்புது. ஆளுக்கு ஒரு வரி. பேரு, கமா, வயசு, கமா, ஊரு, கமா, மோட்டார் நம்பர். அவ்வளவுதான்.”

“இந்தக் காலத்துலயும் டெக்ஸ்ட் ஃபைலா?”

“அது ஒண்ணுதான் சார் எல்லா மெஷினுக்கும் புரியுது. என் புரோகிராம் அந்த ஃபைலையே ஒரு டேபிள்னு நினைச்சுக்கிட்டு, டேட்டாபேஸ் கனெக்ஷன் வழியாத் திறக்கும். திறந்து வரி வரியா எடுத்துப் புதுப் பதிவேட்டுல போடும். நடுவுல டிரைவர்னு ஒண்ணு உக்காந்திருக்கு. ஃபைலைப் படிச்சுச் சொல்றது அதுதான். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் பண்ணும். முதல் சில வரியில நம்பர் மட்டும் இருந்தா, கடைசி வரைக்கும் நம்பர்தான்னு அதுவா முடிவு பண்ணிக்கும். பின்னாடி எழுத்து வந்தா, காலின்னு விட்டுட்டுப் போயிடும்.”

“நம்ம ஆபீஸ்ல பாதிப் பேர் அப்படித்தான். அப்ப அதுலதான் போயிருக்கும்.”

“அதைத்தான் இப்பப் பாக்கப் போறேன்.”

பார்த்தாள். மோட்டார் எண் காலியாக இருந்த வரி ஒன்றுகூட இல்லை. ஊர் என்ற இடத்தில் கமா போட்டு முழு முகவரி எழுதித் தொலைத்தவர்கள் உண்டே என்று அடுத்து அதைப் பிடித்தாள். ‘தெற்குத் தெரு, பெரியார் நகர்’ என்று யாராவது எழுதியிருந்தால் ஒரு கட்டம் தள்ளிப்போய் மோட்டார் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் விழுந்திருக்கும். அப்படி ஏழு பேர் கிடைத்தார்கள். ஏழு பேரையும் போன வாரமே அவள் திருத்தி வைத்திருந்தாள். ஒரு மையம் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி வைத்து அனுப்பியிருந்தது. அதையும் அப்போதே கவனித்து வழி செய்திருந்தாள். மணி பத்தே முக்கால் ஆகி, பதினொன்று அடித்து, பதினொன்றே கால் ஆயிற்று. கழுத்தெல்லாம் வியர்த்துக்கொட்டியது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கால்மணிக்கு ஒரு முறை திரை புதிதாகக் கணக்கெடுத்தது. ஒவ்வொரு முறையும் அதே ஒரு ‘இல்லை’. அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இந்நேரம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கலாம், பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கலாம். கடவுளே, யாருய்யா நீ, ஒரு குரல் கொடேன் என்று திரையைப் பார்த்துக் கேட்டேவிட்டாள் பொற்கொடி.

குழந்தைவேலு மூன்றாவது தடவையாக எட்டிப் பார்த்தார். மணி பதினொன்று முப்பத்தாறு.

“எண்ணிக்கையெல்லாம் டேலி ஆகுதுல்ல? அப்புறம் என்ன?”

“ஆகுது சார். ஒவ்வொரு ஃபைலுக்கும் பாத்துட்டேன். ஃபைல்ல ஐநூறு வரி இருந்தா, ஏறினது நானூத்துத் தொண்ணூத்தொம்பது பேர். எல்லா ஃபைலுக்கும் சரியா ஒண்ணு குறைச்சல்.”

“ஏன் ஒண்ணு குறையுது?”

“மேல சுழிக்கு ஒரு வரி போயிடும்ல சார், அதான்…”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

அந்தச் சுழிக் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால், மையப் பொறுப்பாளர்களுக்கு ஃபைல் எப்படி அனுப்ப வேண்டும் என்று அவள் ஒரு சுற்றறிக்கை விட்டாள். முதல் வரியிலேயே ஆட்களின் விவரம் தொடங்க வேண்டும் என்று அதில் இருந்தது. வந்து விழுந்ததோ வேறு. ஃபைலுக்கு ஃபைல் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி. சிலதில் 786. சிலதில் சிலுவை. ‘அம்மா தாயே காப்பாத்து’ என்று ஒரு பொறுப்பாளர் முழு வாக்கியமே எழுதியிருந்தார். எடுங்கள் என்று சொன்னதற்கு, ‘எண்பதாயிரம் பேர் உசுரு சமாச்சாரம், சாமி பேரைப் போடாம எப்படிம்மா ஆரம்பிக்கிறது?’ என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சண்டைக்கு வந்தார்கள். அலுத்துப்போய் அவள் ஒரு வேலை செய்தாள். கனெக்ஷன் திறக்கும் இடத்தில், ‘முதல் வரி தலைப்பா?’ என்று டிரைவர் கேட்கும். ‘ஆம்’ என்று போட்டுவிட்டாள். முதல் வரியில் என்ன இருந்தாலும் டிரைவர் அதைத் தலைப்பு என்று எடுத்துத் தள்ளிவைத்துவிடும். அவரவர் சாமி அவரவர் ஃபைலில் சௌக்கியமாக இருக்கட்டும். அன்றைக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத் தானே முதுகில் தட்டிக்கொண்டாள்.

“சார், சாமி பேரு போடாதவன் எவனாவது இருந்தா?” என்றாள் பொற்கொடி.

“இருந்தா?”

“முதல் வரியில ஆளு இருப்பான். தலைப்புன்னு நினைச்சு ஆளைத் தள்ளிடும். எண்ணிப் பாத்தாலும் ஒண்ணு குறைச்சல்னு சரியாத்தான் காட்டும்.”

இருநூற்றுப் பதினொரு ஃபைல்களின் முதல் வரியையும் வரிசையாகத் திரையில் கொட்டவைத்தாள். சுழி, சுழி, 786, சுழி, சிலுவை, ஓம் முருகா, சுழி, இயேசுவே ஸ்தோத்திரம், 786. விரலை ஓட்டிக்கொண்டே போனாள். நூற்று அறுபத்து நான்காவது ஃபைலில் விரல் நின்றது. வெள்ளாங்கரை மையம்.

‘பகலவன், 59, வெள்ளாங்கரை,’ அப்புறம் மோட்டார் எண்.

“பகலவனா?” குழந்தைவேலு நெற்றியைத் தட்டிக்கொண்டார். “அந்த மையத்துப் பொறுப்பாளரே அவர்தாம்மா. கறுப்புச் சட்டை. கலெக்டர் ஆபீஸ்ல ஆயுத பூஜை போட்டதுக்குக் கேஸ் போட்டவரு. அவராவது சுழி போடுறதாவது! சரி, ஆள் கிடைச்சாச்சுல்ல, ‘ஆம்’ங்கறதை ‘இல்லை’ன்னு மாத்திடு.”

“புரோகிராமை சீல் வெச்சாச்சு சார். ஒரு எழுத்து மாத்தணும்னாலும் தணிக்கை மூணு நாள். ஃபைலைத்தான் மாத்த முடியும். அதுவும் அந்த மையத்து ஆள்தான் மாத்தி, கைரேகை வெச்சு அனுப்பணும். பன்னெண்டு வரைக்கும் வாங்கும்.”

மணி பதினொன்று நாற்பத்தொன்று. போனை எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

“யாரு? ஆஸ்பத்திரிக் கமிட்டி கூட்டம் நடந்துக்கிட்டிருக்கு, பொறவு கூப்பிடுங்க.”

“ஐயா, வெச்சுடாதீங்க! திருச்சிப் பதிவகம். நான் பொற்கொடி. உங்க ஃபைலை இப்பவே திறங்க. உச்சியில ஒரு வரி சேத்து அனுப்பணும்.”

“என்ன வரி?”

அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது. “மத்தவங்க மாதிரி ஒரு சுழி போட்டு…”

போச்சு. “இந்தாரும்மா,” என்றார் பகலவன். குரல் சட்டென்று ஏறிவிட்டது. “நாப்பது வருஷ சர்வீஸு. ஒரு தாள்ல நான் சுழி போட்டதில்ல. கல்யாணப் பத்திரிகையிலயே போடல, எங்க மாமனார் வீட்டுல ரெண்டு வருஷம் பேசல. உங்க சுற்றறிக்கையை நான் வார்த்தைக்கு வார்த்தை படிச்சவன். முதல் வரியில ஆளு தொடங்கணும்னு நீங்கதான எழுதியிருக்கிய? சட்டப்படி அனுப்புனது நான் ஒருத்தன். என்னையவே மாத்தச் சொல்லுதியளா? என் உசுரே போனாலும்…”

“போயிரும்யா!” பொற்கொடி கத்திவிட்டாள். நான்காவது மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “பன்னெண்டு மணிக்கு நிஜமாவே போயிரும். முதல் வரியில இருக்கறது உங்க பேரு. எல்லாரும் சாமி பேரு போட்டாங்கன்னு முதல் வரியைத் தள்ளிவிடச் சொல்லி எழுதினது நான். உங்களைத் தள்ளிடுச்சு. புதுப் பதிவேட்டுல நீங்க இல்லை. தப்பு என் மேல, சட்டப்படி நடந்தது நீங்க மட்டும்தான், ஒத்துக்கறேன், கால்ல வேணாலும் விழறேன். சுழி வேண்டாம். எதை வேணாலும் எழுதுங்க. ஒரு வரி, உச்சியில ஒரே ஒரு வரி!”

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம். யாரிடமோ, “எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க” என்றார்.

“என்ன வேணாலும் எழுதலாமா?”

“என்ன வேணாலும்.”

“யாரும் படிக்க மாட்டாங்களா?”

“ஐயா, மணி பதினொன்னு ஐம்பது!”

தட்டும் சத்தம் வந்தது. ஒற்றை விரலால் தட்டுகிற ஆள். எழுத்துக்கு எழுத்து தேடித் தேடி அவர் தட்டத் தட்ட, பொற்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைவேலு மோர் டம்ளரை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் கையைப் பிசைந்தார். பதினொன்று ஐம்பத்து நான்கு. “கைரேகையை வாங்க மாட்டேங்குதும்மா” என்றார் பகலவன். இப்போது அந்தக் குரலில் வீறாப்பு இல்லை, வெறும் பயம்தான் இருந்தது. “விரலு வேர்த்துப் போயிருக்கு.” சட்டையில துடைங்கய்யா, நல்லாத் துடைச்சு வைங்க என்று அவள் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். ஐம்பத்தாறில் ஃபைல் வந்து சேர்ந்தது. கனெக்ஷன் திறந்தது, வரிகள் ஏறின. பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அவள் கையாலேயே இன்னொரு முறை கேட்கவைத்தாள்.

கேட்டவை 88,412. ‘ஆமாம்’ 88,412.

“ஏறிட்டீங்க ஐயா” என்றாள்.

பன்னிரண்டு அடித்தது. பழைய பதிவேடு அணைந்தது. இருவருமே போனை வைக்கவில்லை. ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது.

“துடிக்குதும்மா” என்றார் பகலவன். “நல்லாவே துடிக்குது. இந்த வேகத்துக்கு நம்ம மோட்டார் இதுவரைக்கும் ஓடினதில்ல.”

சிரிப்பும் அழுகையுமாக அவள் அந்த முதல் வரியைத் திறந்து பார்த்தாள். ‘இது தலைப்பு மட்டுமே. சுழி அல்ல. இப்படிக்கு, பகலவன்’ என்று எழுதியிருந்தார். கையும் காலும் உதறுகிற நேரத்தில் மனுஷன் இதை ஒற்றை விரலால் தட்டியிருக்கிறாரே, ஐயோ! அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

குழந்தைவேலு அவளுக்கும் ஒரு டம்ளர் மோர் வரவழைத்தார். மனசு லேசான களிப்பில் அவருக்கும் பேச்சு வந்தது.

“இருந்தாலும் நீ ரொம்பத்தாம்மா பதறிட்டே. போன மாசம் உன் தங்கச்சி பிரசவம்னு நீ மதுரைக்குப் போயிருந்தேல்ல, வடக்கு மாவட்டங்களை நான்தானே முன்ன நின்னு ஏத்தினேன். அதுலயும் இதே மாதிரி ஒரு ‘இல்லை’ வந்துச்சு. நான் இப்படியா குதிச்சேன்? பன்னெண்டு அடிச்சதும் தானா அடங்கிடுச்சு. ‘திருட்டு மோட்டார் ஒன்று முடக்கப்பட்டது’ன்னு எழுதி அனுப்பினேன். மேலிடத்துலருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்துச்சே, நீ பாக்கலை?”

பொற்கொடி மோரைக் கீழே வைத்தாள்.

அவரைப் பார்க்கவே இல்லை. போன மாதத்து ஃபைல்களைத் திறந்து முதல் வரிகளைக் கொட்டவைத்தாள். சுழி, சுழி, சிலுவை, சுழி. குழந்தைவேலுவுக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தொன்பதாவது ஃபைல், ஏரிப்பாக்கம் மையம்.

‘வள்ளிக்கண்ணு, 61, ஏரிப்பாக்கம்.’

எண்ணைத் தட்டினாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“ஏரிப்பாக்கம் மையம். அஞ்சுகம் பேசறேங்க.”

“அம்மா, நான் திருச்சிப் பதிவகத்துலருந்து பேசறேன். போன மாசம் நீங்க அனுப்பின ஃபைல்… அதுல முதல் பேரு வள்ளிக்கண்ணு…”

“எங்கம்மாங்க அது. அவங்க இல்லைங்க இப்ப. போன மாசம் எட்டாந்தேதி தவறிட்டாங்க. பேரை நீக்கச் சொல்லிக்கூட எழுதி அனுப்பிட்டேனே, வரலீங்களா?”

எட்டாம் தேதிதான் வடக்கு மாவட்டங்கள் மாறிய நாள். பொற்கொடி அடுத்த கேள்வியையும் கேட்டாள்.

“எல்லா மையமும் மேல சாமி பேரு போட்டிருந்தாங்க. நீங்க மட்டும் ஒண்ணும் போடலையேம்மா?”

“எப்படிங்க போடறது? அதுக்கு நாலு நாள் முன்னாடிதாங்க அப்பா இறந்தாரு. துக்க வீட்டுல இருந்துக்கிட்டு சுழி போடக் கூடாதுல்ல. லீவு குடுக்கலை, ஃபைல் அன்னைக்கே வேணும்னாங்க. சரின்னு நேரா அம்மா பேர்லருந்து ஆரம்பிச்சு அடிச்சு அனுப்பிட்டேன். தப்புங்களா?”

“இல்ல, இல்ல…”

“அப்பா போனதை அம்மாவால தாங்க முடியலைங்க. காரியத்துக்குக் காய் நறுக்கிட்டு இருந்தாங்க. நல்லாத்தான் பேசிட்டு இருந்தாங்க. சரியா மத்தியானம், அப்படியே சுவத்துல சாஞ்சுட்டாங்க. புருஷன் பின்னாடியே போகக் குடுத்து வெச்சிருக்கணும்னு ஊரே வந்து கும்பிட்டுச்சு.” அஞ்சுகம் மூக்கை உறிஞ்சினாள். “எனக்குத்தான் மனசு ஆறலை. எங்களுக்காக இருந்திருக்கலாம்ல. அதை விடுங்க. எதுக்குக் கேட்டீங்க?”

குழந்தைவேலு பக்கத்தில் வந்து நின்றிருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. போனில் விழாதபடி தாழ்ந்த குரலில், “விட்டுரும்மா” என்றார். “எனக்காகச் சொல்லலை. அந்தப் பொண்ணு சுழி போடாததாலதான்னு தெரிஞ்சா, ஆயுசுக்கும் அதையே நினைச்சுச் சாகும். இப்ப ஏதோ ஒரு ஆறுதல்ல இருக்கு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. ‘சும்மா சரிபார்க்கத்தான் கூப்பிட்டேன்’ என்று சொல்லி வைத்துவிட்டால் ஈ காக்கைக்கும் தெரியாது. வைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவ்வளவு ஆசையாக இருந்தது.

“அஞ்சுகம்,” என்றாள் பொற்கொடி. “நீங்க செஞ்சதுல எந்தத் தப்பும் இல்ல. முதல் வரியில ஆளோட பேருதான் இருக்கணும். நாங்களே அப்படித்தான் கேட்டிருந்தோம். அதைத் தள்ளிவிடற மாதிரி எழுதினது நான். உங்கம்மா பேரு புதுப் பதிவேட்டுல ஏறவே இல்ல. அன்னைக்கு மத்தியானம் அவங்க மோட்டாரை நாங்கதாம்மா நிறுத்தினோம். எழுத்துமூலமாவும் தர்றேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்.”

குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டார்.

அழுகை வரும், திட்டு வரும், சாபம் வரும் என்று பொற்கொடி காத்திருந்தாள். வரட்டும், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அவற்றில் ஒன்றும் வரவில்லை. அஞ்சுகம் பேசியபோது குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

“அப்படின்னா… எங்களை விட்டுட்டுப் போகணும்னு அம்மா நினைக்கலீங்களா?”